ஆய்க்குடிக்கு இரண்டு தடம்: இணையத் தரவைப் பல பாதைகளில் அனுப்புவது பற்றிய நிலைப்பாடு

ஓர் ஊருக்கு இரண்டு ஃபைபர் கேபிள் வந்தாலும், இரண்டும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் கிடந்தால் அந்த ஊருக்கு இருப்பது ஒரே தடம்தான். குடிநீர்க் குழாய் பதிக்க வரும் ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்துவிடும். தென்காசி மாவட்டத்தில் இணைய இணைப்பைத் திட்டமிடுவோர் தனித்தனியே செல்லும் தடங்களை மட்டுமே எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும், அந்தத் தடங்கள் அனைத்திலும் எந்நேரமும் தரவு ஓட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

அம்மாவட்டத்திலுள்ள ஆய்க்குடியின் இருப்பிடம் இதற்குத் தோதானது. ஒரு பக்கம் தென்காசி. அங்கிருந்து கடையநல்லூர், ராஜபாளையம் வழியாக மதுரை. மறுபக்கம் சாம்பவர்வடகரை, சுரண்டை. அங்கிருந்து ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி. இரண்டு தடமும் ஊரைத் தாண்டியபின் ஒன்றையொன்று தொட வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திருத்திய பாரத்நெட் திட்டமும் ஊராட்சிகளை வளையமாக இணைக்கச் சொல்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் வளையத்தின் ஒரு பாதி, மற்றது அறும்வரை சும்மா கிடப்பது வீண். பயன்படாத கேபிளில் பழுது நேர்ந்தாலும் தேவைப்படும் நாள்வரை யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

தரவைப் பிரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி இரு தடத்திலும் அனுப்பினால், நீளமான தடத்தில் போனவை பிந்தி வந்து வரிசை குலையும். அனுப்பும் கணினியின் டிசிபி நெறிமுறை அதைப் பாக்கெட் தொலைந்ததாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே ரவுட்டர் இரு முனைகளின் ஐபி முகவரி, போர்ட் எண், நெறிமுறை ஆகியவற்றைப் பார்த்து, ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் முழுவதையும் ஒரே தடத்தில் விட வேண்டும். கொள்ளளவு சமமாக இல்லாவிட்டால் அந்த விகிதத்திலேயே பங்கிட வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாதது கொள்ளளவுக் கணக்கு. ஒரு கிகாபிட் தடங்கள் இரண்டும் 80 விழுக்காடு நிரம்பி ஓடும்போது ஒன்று அறுந்தால், 1.6 கிகாபிட் தரவு ஒரு கிகாபிட்டில் நுழைய முடியாது. உச்ச நேரத்திலும் ஒவ்வொரு தடத்திலும் பாதி காலியாக இருக்க வேண்டும். குற்றாலச் சீசன் மாதங்களின் கூட்டத்தையும் சேர்த்தே அதைக் கணக்கிட வேண்டும். அது இயலாத இடத்தில் மருத்துவ, அவசரத் தொடர்புகளுக்கு முன்னுரிமை தேவை. 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம் உள்ள ஊர் இது. தொலைவழிச் சிகிச்சை ஆலோசனை நடுவில் அறுந்தால் நட்டம் சிகிச்சை பெறுவோருக்கு.

தோண்டுவோருக்கும் பொறுப்பு உண்டு. 2023 மார்ச்சில் அறிமுகமான ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் பதிவு செய்யாமல் எந்த ஒப்பந்ததாரரும் சாலையோரத்தில் கைவைக்கக் கூடாது. கேபிள் போட்ட நிறுவனங்கள் பள்ளம் செல்லும் வழியை மாவட்ட நிர்வாகத்திடம் வரைபடமாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது தடம் உண்மையிலேயே வேறு தடம்தானா என்பதை அந்த வரைபடத்தை வைத்தே உறுதிசெய்ய முடியும்.