இளம் தம்பதியருக்கு ஓர் ஐக்கியம் வேண்டும்

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சபையில் ஓலை வாசிக்கிறோம். தடை ஏதும் உண்டா என்று சபையாரைக் கேட்கிறோம். திருமணத்தன்று ஆசீர்வதித்து, பிரியாணி சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வீடு திரும்புகிறோம். அதன் பிறகு அந்தத் தம்பதியரைச் சபை முறையாகச் சந்திப்பது, பெரும்பாலும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு அவர்கள் வந்து நிற்கும்போதுதான். இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்வியைத்தான் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மும்பையிலுள்ள தமிழ்ச் சபைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். தில்லி, புனே, கொல்கத்தா நகரங்களில் வாழும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும் என்றே எண்ணுகிறேன். பிற சமயத்து அன்பர்களும் "சபை" என்று வரும் இடத்தில் தங்கள் பஜனை மண்டலியையோ, தமிழ்ச் சங்கத்தையோ வைத்துப் படித்துக்கொள்ளலாம். நோய் ஒன்றுதான்.

நம் சபைகளின் அமைப்பைப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது. படிக்கிறவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் வாலிபர் ஐக்கியம் இருக்கிறது. தாய்மார்களுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது. ஆனால் மணமான மறுநாளே ஒரு வாலிபன் வாலிபர் ஐக்கியத்துக்கு அந்நியனாகி விடுகிறான். அவன் மனைவியோ நாசரேத்திலிருந்தோ, மார்த்தாண்டத்திலிருந்தோ, சென்னையிலிருந்தோ புதிதாக வந்தவள். பெண்கள் சங்கத்தில் தன் தாய் வயதுப் பெண்கள் நடுவே வாய் திறக்கக் கூச்சப்படுகிறாள். இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வயது வரை, வாழ்க்கையில் அதிகமாகத் தடுமாறும் காலத்தில், இவர்களுக்கென்று சபையில் ஒரு நாற்காலி இல்லை.

முன்பு இந்தக் குறை இவ்வளவு தெரியவில்லை. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலிக்காரர்கள் ஒரே சந்தில், சுவரோடு சுவராக வாழ்ந்தார்கள். வீடு சிறியது, ஆனால் புது மருமகளுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அத்தையோ மதினியோ இருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சந்தே விழித்துக்கொண்டது. இன்றைய இளம் தம்பதியர் டோம்பிவிலியிலும் கல்யாணிலும் பன்வெலிலும் வசாயிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம். அது முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினால் அடுத்த வீடு. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிவதற்குள் சாமான் கட்ட வேண்டியிருக்கிறது. கணவன் இரவு ஒன்பதரைக்கு ரயிலிலிருந்து இறங்குகிறான். மனைவி வேலைக்குப் போகிறவளானால் அவளும் அதே நெரிசலில் திரும்புகிறாள். வேலைக்குப் போகாதவளானால், இந்தியும் மராத்தியும் பிடிபடாமல், நாள் முழுதும் நான்கு சுவருக்குள் இருக்கிறாள். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்கும்போது "நல்லா இருக்கேம்மா" என்கிறாள். அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அருகில் யாரும் இல்லை.

இதற்கு நான் காணும் வழி, ஆறு முதல் எட்டுத் தம்பதியர் கூடும் வீட்டு ஐக்கியம். இது புதிதாக இறக்குமதியான யோசனை அல்ல. புதிய ஏற்பாட்டில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியரைப் பார்க்கிறோம். பேரரசன் கிலவுதியுவின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேறி, கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர்கள். அதாவது நம்மைப் போல ஊர் பெயர்ந்தவர்கள். தங்களைப் போலவே அதே தொழில் தெரிந்த பவுலுக்கு வீட்டில் இடம் கொடுத்தார்கள். எபேசுவுக்குப் போனார்கள், அங்கும் அவர்கள் வீட்டில் சபை கூடியது. வேதத்தில் அவர்கள் பெயர் வரும் இடங்களிலெல்லாம் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. சில இடங்களில் மனைவி பெயர் முதலில் வருகிறது. இடம் பெயர்ந்தவர்களுக்கு வீட்டுச் சபை எவ்வளவு இயல்பானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு சான்றும் உண்டு. 1742-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் மக்கள் தங்கள் ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க ஒரு வழி தேடினார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வாரந்தோறும் வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு பென்னி வாங்கி வரவேண்டும் என்று ஏற்பாடு. காசு வாங்கப் போன தலைவர்கள் வீட்டின் உண்மை நிலையைக் கண்டார்கள். எங்கே சண்டை, எங்கே குடி, எங்கே வியாதி என்று தெரிந்தது. கடனுக்காகத் தொடங்கிய ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறி, மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாயிற்று. வீட்டுக்குள் போகாமல் மனிதரை அறிய முடியாது என்பதே அதன் பாடம். நம் ஊர்ச் சபைகளிலும் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்க்க வீடு வீடாக வரும் பெண்ணுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்று. நம் சபைகளில் தம்பதியர் ஐக்கியம் தொடங்கப்படாமல் இல்லை, தொடங்கி நின்றுபோகிறது. நான் கண்டவரை அதற்குக் காரணங்கள் ஐந்து.

முதலாவது, சாப்பாடு. முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும். இரண்டாவது வீட்டில் வடையும் கேசரியும். நான்காவது வீட்டில் பரோட்டாவும் சிக்கனும். ஐந்தாவது வீட்டுத் தம்பதியருக்கு அந்த மாதம் கைக்கடன். "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அதோடு சரி. எனவே டீயும் பிஸ்கட்டும் தவிர வேறொன்றும் கூடாது என்று முதல் நாளே சட்டம் வைக்க வேண்டும். அந்த டீயையும் கணவன்மார் போடட்டும். பெண்கள் அடுப்படியிலும் ஆண்கள் ஹாலிலும் இருந்தால் அது தம்பதியர் ஐக்கியம் ஆகாது.

இரண்டாவது, ஜெபக்குறிப்பு வெளியே போவது. இதுதான் ஐக்கியத்தைக் கொல்லும் விஷம். ஒரு தம்பதியர் தங்கள் வீட்டுக் கடனைப் பற்றி ஜெபிக்கச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் மூன்று பேர் அதைப் பற்றி "விசாரித்தார்கள்". அவர்கள் அதன் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. சில மாதங்களில் சபைக்கும் வரவில்லை. "இவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற முன்னுரையோடு சொல்லப்படும் வம்பும் வம்புதான். அந்த அறையில் பேசியது அந்த அறையோடு நிற்க வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் எழுதவே கூடாது. வாட்ஸ்அப் குழு எந்த வீட்டில், எத்தனை மணிக்கு என்று சொல்ல மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது, ஊர்ப் பாசம் என்ற பெயரில் வரும் பிரிவினை. புதிதாக வரும் தம்பதியரை "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறோம். அன்பாகக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் பல நேரங்களில் அது சாதியைக் கண்டுபிடிக்கும் சுற்றுவழி என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்தும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற்றும், இந்த மூட்டையை மட்டும் இறக்கி வைக்க மறுக்கிறோம். இளைஞர்கள் இதை நம்மைவிட வேகமாகப் புரிந்துகொண்டு ஒதுங்குகிறார்கள். ஆகவே ஐக்கியங்களை ஊர் வாரியாகப் பிரிக்கக்கூடாது. ரயில் பாதை வாரியாகப் பிரிக்க வேண்டும். சென்ட்ரலில் தாணேக்கு அப்பால் ஒன்று, ஹார்பரில் ஒன்று, வெஸ்டர்னில் ஒன்று. பதினொரு மாதத்தில் வீடு மாறினாலும் பலரும் அதே பாதையில்தான் மாறுகிறார்கள், ஐக்கியம் அறுபடாது. ஞாயிறு மெகா பிளாக்கில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

நான்காவது, மொழி. கணவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், வாசிக்கத் திணறுவான். மனைவிக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. இன்னொரு வீட்டில் மனைவி மராத்திக்காரி அல்லது மலையாளி. எல்லாருக்கும் வசதி என்று ஆங்கிலத்துக்குப் போய்விடலாம் என்கிறார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படிப்பைக் காட்ட ஆங்கிலம் உதவும். மாமியாரோடு வந்த மனத்தாங்கலைச் சொல்ல அது நமக்கு உதவாது. பேச்சு தமிழில் இருக்கட்டும், மேடைத் தமிழில் அல்ல, வீட்டுத் தமிழில். வேதத்தை அவரவர் தெரிந்த மொழியில் வாசிக்கட்டும். ஜெபத்தை அவரவர் தாய்மொழியில் செய்யட்டும். மராத்தி மருமகளுக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு வருடத்தில் அவள் நம் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள்.

ஐந்தாவது, கேட்கக்கூடாத கேள்விகள். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று மணமான ஆறாம் மாதத்திலிருந்து கேட்கத் தொடங்குகிறோம். மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருக்கும் தம்பதியருக்கு அது சாட்டையடி. பிள்ளை உண்டா இல்லையா என்பது அவர்களாகச் சொல்லும்வரை நம் காரியம் அல்ல. பிள்ளை பெற்றவர்கள் மட்டும் கூடிப் பால்புட்டி, பள்ளிக்கூடம் என்றே பேசுவதும் மற்றவர்களை வெளியே தள்ளும்.

வாலிபத் தம்பதியர் என்றதும் உடனே பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, அசனக் கமிட்டி என்று வேலை சுமத்தும் பழக்கமும் நமக்கு உண்டு. மோசேயின் நியாயப்பிரமாணம், புதிதாக மணந்தவனை ஓராண்டு போருக்கும் அனுப்பாமல், வேறு பொறுப்பும் கொடுக்காமல், மனைவியோடு மகிழ்ந்திருக்க விட்டது. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். நாமோ வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளையும் எடுத்துக்கொள்கிறோம். ஐக்கியம் என்பது இன்னொரு வேலையாக ஆகிவிடக்கூடாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், மனம்விட்டுப் பேச்சு, ஜெபம், டீ. பிரசங்கம் வேண்டாம், அதுதான் ஞாயிறு கிடைக்கிறதே. அறுபது வயதை நெருங்கும் ஒரு தம்பதியர் கூட இருந்தால் நல்லது. ஆனால் அவர்கள் கேட்பதற்காக இருக்க வேண்டும். "எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் வாக்கியங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

ஐக்கியத்தின் பலன் கூட்டத்தில் அல்ல, கூட்டமில்லாத நாட்களில்தான் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிப் போய்விடுகிறார். அப்போதுதான் இளம் தாய் உண்மையில் தனியாகிறாள். முறை வைத்து வாரம் இரண்டு நாள் ஒருவர் போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவளை இரண்டு மணி நேரம் தூங்க வைத்தால், அதைவிடப் பெரிய ஆராதனை எது? வேலை போன கணவனை வாரம் ஒருமுறை அழைத்துப் பேசவும், மருத்துவமனையில் இரவு துணைக்கு இருக்கவும், வீடு மாறும்போது சாமான் தூக்கவும் ஆள் வேண்டும். இதற்காகத்தான் கூடுகிறோம்.

அதே நேரத்தில் ஐக்கியத்துக்கு எல்லையும் உண்டு. ஒரு பெண் அடிபடுகிறாள் என்று தெரிந்தால், "பொறுத்துக்கொள்ளம்மா, ஜெபிப்போம்" என்று அனுப்பிவிடுவது பாவம் என்பேன். அங்கே இரகசியம் காப்பதும் பொருந்தாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. பெண்களுக்கான 181 என்ற உதவி எண் இருக்கிறது. அவளோடு கூடப் போக ஒருவர் வேண்டும். மனச்சோர்வில் அமிழ்ந்து கிடப்பவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதும் விசுவாசக் குறைவு அல்ல.

"வீட்டுக் கூட்டம் வளர்ந்தால் தனிச் சபையாகப் பிரிந்துவிடும்" என்று மூப்பர்கள் அஞ்சுவதை அறிவேன். அப்படி நடந்ததும் உண்டு. அதற்குப் பரிகாரம் தடுப்பது அல்ல. காணிக்கை எடுக்கக்கூடாது, ஆராதனை நேரத்தில் கூடக்கூடாது, யார் யார் கூடுகிறார்கள் என்பது போதகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்று வரம்புகளும் போதும். பாருங்கள், கவனிப்பார் இல்லாதவர்கள் நாம் தடுத்தாலும் பிரிந்து போகத்தான் செய்கிறார்கள். சத்தமில்லாமல் போகிறார்கள், அவ்வளவுதான்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. லெந்து நாட்களில் வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடத்தும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஈஸ்டரோடு அதை மடித்து வைத்துவிடாமல், அதில் வந்த இளம் தம்பதியரைப் பாதை வாரியாக எழுதி, ஆறு வீடுகளைச் சேர்த்து, அடுத்த பதினைந்தாம் நாள் யார் வீட்டில் என்று அன்றே முடிவு செய்யுங்கள். செயற்குழுத் தீர்மானமோ, பட்ஜெட்டோ, திறப்பு விழாவோ தேவையில்லை. ஒரு பெரிய கெட்டிலும் பதினாறு கப்பும் இருந்தால் போதும்.