கீறலும் கிழிசலும்



குமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்ட வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னரே தோட்டத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பாலோட்டம் குறைந்துவிடும். ஒரு கையில் கத்தி, மறு கை மரத்தில் என்றிருக்கும் வேலையாதலால், வெளிச்சம் தலையிலிருந்தே வரவேண்டும். எனவே தம் முதல் சம்பளத்தில் தலையில் கட்டிக்கொள்ளும் டார்ச் விளக்கொன்றை வாங்கியிருக்கிறார். அலுமினிய உடல், உள்ளே மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றத்தக்க ஒற்றை லித்தியம் பாட்டரி.

அவருடைய கேள்விகள் மூன்று. ஆயிரம் லூமன் ஒளி என்று கடைக்காரர் சொன்ன விளக்கு சில நிமிடங்களிலேயே ஒளி தணிந்துவிடுவது ஏன்? இரண்டு மாதங்களுக்குள் விளிம்புகளில் கறுப்பு தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிறதே, விளக்கு பாழாகிவிட்டதா? பாட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பாட்டரியைப் போடலாமா? இவற்றைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “பாட்டரியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையும் மேல்முனையில் சற்றே கிழிந்திருக்கிறது, அது ஒன்றும் பெரிதில்லை.”

கேள்வியாகக் கேட்கப்படாத அந்தக் கடைசி வரிதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. அந்தப் பாட்டரியை இனித் தொடவேண்டாம் என்று அன்றே அவருக்குத் தனியே எழுதிவிட்டோம். எனினும் இதே நிலையில் உள்ள விளக்குகள் நம் வாசகர் இல்லங்கள் பலவற்றில் இருக்கக்கூடும் என்பதால், விளக்கத்தை இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் ஒளியைப் பற்றி. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிப்படும் மொத்த ஒளியின் அளவு. இழை பல்பு கொண்ட பழைய இரண்டு கட்டை டார்ச்சு ஏறக்குறைய 20 லூமன் அளவே தந்தது. அதைக் கொண்டே நம் முன்னோர் வரப்பில் நடந்தனர். இன்றைய எல்.இ.டி. விளக்கில் இழை கிடையாது; மிகச் சிறிய குறைகடத்திச் சில்லு ஒளியைத் தருகிறது. ஆனால் அதுவும் சூடாகும். முழு ஒளியில் எரியும்போது உட்பகுதி வெந்துபோகாதிருக்க, நல்ல விளக்குகளில் ஒளி தானாகவே தணியும்படி அமைத்திருக்கிறார்கள். எனவே அது பழுதென்று கருத வேண்டாம். பாதுகாப்பு ஏற்பாடு என்று கொள்க. கைக்கெட்டும் தூரத்திலுள்ள மரப்பட்டையைப் பார்க்க 50 அல்லது 100 லூமன் தாராளம். குறைந்த ஒளியில் வைத்தால் பாட்டரியும் விடியும்வரை தாங்கும்.

அடுத்து, கறுப்புத் தேய்ந்த விஷயம். அந்தக் கறுப்பு பெரும்பாலும் பெயின்ட்டாக இராது. அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்சாரத்தின் உதவியால் கடினமான ஆக்ஸைடு படலமாக மாற்றி, அதற்குச் சாயமேற்றுவார்கள். இதனை அனோடைசிங் என்பர். கூரான விளிம்புகளில் அது முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் தெரியும் அலுமினியம் காற்றுப் பட்டதும் தனக்குத்தானே மெல்லிய ஆக்ஸைடு போர்வையைப் போர்த்துக்கொள்ளும். இரும்பைப் போலத் துருவேறி உதிராது. ஆதலால் விளிம்புத் தேய்வும் உடற்கீறலும் அழகுக்குக் குறையே தவிர விளக்குக்குக் குறையல்ல. கண்ணாடியில் விழும் சிறு கீறலும் ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

அப்படியானால் எந்தத் தேய்வுக்குத்தான் அஞ்ச வேண்டும்? பழுது எவ்வளவு பெரியது என்பதைவிட, எந்த இடத்தில் நேர்ந்தது, அந்த இடம் எதைக் காத்து நிற்கிறது என்று பார்ப்பதே முறை. மூடி திருகும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் மழையையும் வியர்வையையும் தடுக்கிறது. அது வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். மரையில் கறுப்பு அழுக்குச் சேர்ந்தால் விளக்கு மினுக்கு மினுக்கென்று எரியும். துணியால் துடைத்துவிட்டுச் சிலிக்கோன் கிரீஸ் சிறிதளவு தடவினால் போதும். கைக்கு வந்த எண்ணெயைத் தடவினால் சில வகை ரப்பர் உப்பிப் போகும்.

இனி அந்தக் கிழிந்த உறைக்கு வருவோம். இவ்விளக்குகளில் மிகுதியாகப் பயன்படும் லித்தியம் பாட்டரிக்கு 18650 என்று பெயர். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்பதே அந்த எண்ணின் பொருள். இதன் மேல்முனைக் குமிழ் நேர்மின் முனை. எதிர்மின் முனை அடிப்பகுதி மட்டும்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பாட்டரியின் உலோக உடல் முழுவதுமே எதிர்மின் முனை. அது மேலே ஏறி, நேர்மின் குமிழைச் சுற்றியுள்ள விளிம்புவரை வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சிறிய இடைவெளியே உண்டு. அந்த விளிம்பை மூடியிருப்பது தாள் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை.

உறை அவ்விடத்தில் கிழிந்தால், விளக்கினுள் உள்ள ஓர் உலோகத் தகடோ சட்டைப்பையில் கிடக்கும் சாவியோ நாணயமோ இரு முனைகளையும் ஒருங்கே தொட்டுவிடலாம். அப்போது தடையேதுமின்றி மின்சாரம் பாயும், பாட்டரி கொதிக்கும், உள்ளே வாயு பெருகும், தீப்பற்றவும் கூடும். இறுக மூடிய அலுமினியக் குழாய்க்குள் இது நேர்ந்தால் குழாயே வெடிக்கலாம். அந்தக் குழாய் இந்த இளைஞரின் நெற்றியில் அன்றோ கட்டப்பட்டிருக்கிறது! உடலில் நூறு கீறல் இருந்தாலும் வாழும் விளக்கு, உறையில் நகத்தளவு கிழிசல் இருந்தால் ஆபத்தாகிவிடுகிறது.

ஆகவே உறை கிழிந்த, உலோகம் நசுங்கிய, உப்பிய, அல்லது விநோதமான வாடை வீசும் லித்தியம் பாட்டரியைப் பயன்படுத்தலாகாது. இரு முனைகளையும் டேப் ஒட்டி மூடித் தனியே வையுங்கள். குப்பையில் எறிவதோ நெருப்பில் இடுவதோ கூடாது. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது விற்பனைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களின் பொறுப்பு என்று நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் கூறுகின்றன. எங்கே கொடுப்பது என்று கடையில் கேளுங்கள்.

புதிது வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. இந்த அளவுப் பாட்டரியில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். கடைகளில் கிடைக்கும் தரமானவை பெரும்பாலும் 3600-க்குள் அடங்கும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சார்ஜ் ஏற்றுவதற்கு அதற்கென்றே உரிய சார்ஜரைப் பயன்படுத்துங்கள், அது 4.2 வோல்ட்டில் தானே நின்றுவிடும். மெத்தையின் மேல் வைத்துச் சார்ஜ் போடுவதும், போட்டுவிட்டு உறங்கப் போவதும் வேண்டாம். மாற்றுப் பாட்டரியைச் சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் பயணம் போகும் பிள்ளைகள் மாற்று லித்தியம் பாட்டரியைக் கைப்பையிலேயே வைக்க வேண்டும். விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை.

மூன்றாம் கேள்வி சாதாரண பாட்டரியைப் பற்றியது. சாதாரணக் கட்டை 1.5 வோல்ட், லித்தியம் பாட்டரியோ ஏறக்குறைய 3.7 வோல்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகா. பென்சில் பாட்டரியைப் போன்றே தோற்றமளிக்கும் 14500 என்ற லித்தியம் பாட்டரியும் உண்டு. அதனைக் கடிகாரத்திலோ பொம்மையிலோ போட்டால் அவை கருகிப் போகும். அளவு பொருந்துகிறது என்பது மட்டும் போதாது. மேலே அச்சிட்ட வோல்ட்டையும் படிக்க வேண்டும்.

சாதாரணக் கட்டைகளால் எரியும் பழைய டார்ச்சு வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. அவ்வகைக் கட்டையில் துத்தநாகத்தாலான வெளிப்பாத்திரமே மின்சாரத்துக்காகச் சிறிது சிறிதாகக் கரைகிறது. பாத்திரமே உணவாகிவிடுவதால், தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டுவைத்தால் அது ஓட்டையாகி ஒழுகி, ஸ்பிரிங்கையும் தகட்டையும் அரித்துவிடும். புதுக் கட்டையுடன் பழைய கட்டையைச் சேர்த்துப் போடுவதும் ஒழுகலுக்கு வழியாகும். அல்கலைன் வகையில் உப்புப் பூத்தால் கையுறை அணிந்து, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தோய்ந்த துணியால் துடையுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு இறுதியாக ஒன்று. சாவிக்கொத்து டார்ச்சிலும் விளையாட்டுப் பொருள்களிலும் காசு போன்ற பாட்டரி இருக்கும். அதன் மூடித் திருகு தேய்ந்து கழன்றிருந்தால் அந்தச் சிறு தேய்வும் பெரிய ஆபத்தே. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே குழாயைப் புண்ணாக்கத் தொடங்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு ஓடுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்றிரவே உங்கள் வீட்டு டார்ச்சின் மூடியைத் திறந்து பாட்டரியை வெளியே எடுத்து, சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். உடலில் உள்ள கீறல்களைப் பொருட்படுத்தாதீர்கள். பாட்டரியின் உறையில் கிழிசல் கண்டால், அந்த விளக்கு இனி எரிய வேண்டாம்.