மருந்துக்கும் முகவரி வேண்டும்

புதிய மருந்து ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்று படித்தால் மகிழ்கிறோம். அம்மருந்து உடலில் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர் சிலரே. மருந்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியமோ, அதை உரிய இடத்தில் சேர்ப்பதும் அவ்வளவு முக்கியம் என்பது என் கருத்து.

டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் கலந்ததும் அது உடலெங்கும் பரவுகிறது. கட்டியைத் தாக்கும் அதே மருந்து இதயத் தசையையும் கெடுக்கிறது. ஆகவே மருத்துவர் அதை அளந்தே கொடுக்க வேண்டியுள்ளது.

இதற்கு ஒரு வழி லிப்போசோம். இது 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் கண்டறிந்த நுண்ணிய கொழுப்புக் குமிழி. பாஸ்போலிப்பிடு மூலக்கூறின் தலை நீரை நாடும். வால் நீரை வெறுக்கும். அதனால் இம்மூலக்கூறுகள் நீரில் தாமாகவே ஈரடுக்குச் சுவராக வளைந்து மூடிக்கொள்கின்றன. அதனுள் மருந்தை அடைக்கலாம். டாக்சோரூபிசின் அடைத்த லிப்போசோம் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு நேரும் தீங்கு குறைந்தது. ஆனால் குமிழியை நாம் விரும்பும் இடத்தில் திறப்பது எப்படி?

இங்கே இயற்பியல் உதவிக்கு வருகிறது. நம் செவிக்கு எட்டாத, 10 லட்சம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியை எண்ணிப் பாருங்கள். திசுவில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். வகுத்தால் அலைநீளம் 1.5 மில்லிமீட்டர். ஆகவே, குவிவில்லை வெயிலைக் குவிப்பதுபோல, தோலைக் கீறாமலே உடலின் ஆழத்தில் சில மில்லிமீட்டர் இடத்தில் இவ்வொலியைக் குவிக்கலாம். அவ்விடம் சூடேறும். சுமார் 40 டிகிரி செல்சியசில் கசியுமாறு செய்த லிப்போசோம், அங்கே மருந்தை வெளிவிடும். ஆக்ஸ்போர்டில், கல்லீரலில் கட்டியுள்ள 10 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. கட்டிக்குள் மருந்து சராசரியாக 3.7 மடங்கு கூடியதாக 2018இல் முடிவு வெளியாயிற்று.

மரபணுவுக்குச் செல்லின் சவ்வே பெருந்தடை. வாயு நிரம்பிய நுண்குமிழிகளை ஒலியால் அதிரச் செய்தால், சவ்வில் சிறு துளைகள் தோன்றி மூடுகின்றன. அந்த இடைவேளையில் மரபணு உள்ளே நுழைய முடியும்.

இதனாலேயே புற்றுநோய் ஒழிந்தது என்று கொண்டாட வேண்டாம். அதே வகை லிப்போசோமை, கட்டியை ரேடியோ அலையால் சுடும் சிகிச்சையுடன் சேர்த்து நடத்திய பெரிய சோதனைகள் 2013இலும் 2020இலும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கட்டிக்குள் மருந்து கூடுவது வேறு. நோயாளியின் ஆயுள் கூடுவது வேறு.

மாணவர்களே, மருத்துவம் படிக்க உயிரியல் போதும், இயற்பியல் மதிப்பெண்ணுக்கு மட்டுமே என்று எண்ணாதீர்கள். அலைநீளத்தைக் கணக்கிடத் தெரிந்தவரும் செல்லின் சவ்வை அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் மருந்துக்கு முகவரி எழுத முடியும்.