வயிறு நிறைந்தும் பட்டினி



பாலைவனத்தில் இறந்த ஒட்டகத்தின் வயிற்றில் என்ன இருக்கும்? துபாய்க் கால்நடை அறிவியலாளர் உல்ரிச் வெர்னரி உள்ளிட்டோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இறந்த 30,000 ஒட்டகங்களுள் 300-க்கும் மேற்பட்டவற்றின் வயிற்றில் இருந்தவை, நெகிழிப் பைகள் இறுகி உருவான கட்டிகள். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 64 கிலோ எடை!

காற்றில் பறந்து முள்மரத்தில் சிக்கிய பையை ஒட்டகம் இரையென்று தின்கிறது. பை செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்ததாகப் பொய்யுணர்வு தருகிறது. மேய்ச்சலை மறந்த ஒட்டகம், நிறைந்த வயிற்றோடு பட்டினியால் மடிகிறது.

2024 சனவரி முதல் அமீரகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்குத் தடை உண்டு. ஆயினும் சட்டம் கடை வாசலோடு நின்றுவிடும். மணல்வெளியில் நமக்குக் காவல் நம் மனச்சான்றே.

குளிர்காலத்தில் அன்பியமாகப் பாலைவனம் செல்கிறோம். பிரியாணி உண்ட பின் விட்டுவரும் பையை, ஒப்புரவுக்கு ஆயத்தம் செய்கையில் நாம் பாவமாக எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பதே என் கருத்து. நமக்குச் சோறிட்ட மண் இது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது.

அடுத்த முறை, புறப்படுமுன் அமர்ந்த இடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். பிறர் விட்டுச்சென்ற பையையும் எடுத்து வாருங்கள்.