ஒலியொப்புமையும் மொழியுறவும்: அரெண்டே மொழியை முன்வைத்து

ஆஸ்திரேலியத் தொல்குடி மொழிகள் தமிழோடு குடும்ப உறவுடையன என்னும் கருத்து தமிழாய்வுலகில் அவ்வப்போது எழுவதுண்டு. மூவிடப்பெயர்களில் காணப்படும் ஒப்புமையைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் சுட்டியதும், கடல்கொண்ட நிலம் பற்றிய நம்பிக்கையும் அதற்கு வலுவூட்டின. அக்கருத்தின் வலிமையைச் சோதித்தறிய அரெண்டே மொழி தக்கதொரு களமாகும்.

நடு ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வழங்கும் இம்மொழியைப் பழைய நூல்கள் அருண்டா, அரண்டா எனக் குறிக்கும். இதழ், பல், நுனியண்ணம், வளைநா, இடையண்ணம், கடையண்ணம் என ஆறு இடங்களில் இதன் வெடிப்பொலிகளும் மூக்கொலிகளும் பிறக்கின்றன. தமிழின் ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய ஆறனுக்கும் இணையான ஒலிகள் இதில் உள்ளன. தொல்காப்பியப் பிறப்பியலைக் கற்றவர்க்கு இது வியப்பளிப்பது இயல்பே.

எனினும், ஒலிகளின் பட்டியல் ஒத்திருப்பது மட்டுமே மொழியுறவுக்குச் சான்றாகாது. சொற்களிலும் உருபுகளிலும் ஒழுங்கான ஒலி இணைவுகள் நிறுவப்படுதல் வேண்டும். அன்மட்யெர், அல்யவர் முதலிய அண்டை மொழிகளோடு அரெண்டேவுக்கு அத்தகைய உறவு உண்டு. தமிழோடு அது நிறுவப்படவில்லை. சொல்லொப்புமையைக் காட்டித் தமிழை வடமொழியின் வழித்தோன்றலாகக் கருதிய காலம் ஒன்றிருந்தது. 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் முறையான ஒப்பாய்வினாலேயே அதனை மறுத்தனர். தமிழின் தனித்தன்மையை நிலைநாட்டிய அம்முறையைப் பிறமொழிக்குப் பொருத்தும்போது தளர்த்திக்கொள்வது ஆய்வறம் ஆகாது. கால்டுவெல்லின் குறிப்பையும் அவர் வகுத்த அளவுகோலாலேயே மதிப்பிடல் வேண்டும்.

ஒப்புமையைக் காட்டிலும் வேற்றுமையே இங்கு மிகுந்த பயன் தருவது. அடிநிலையில் அரெண்டே அசை உயிரில் தொடங்கி மெய்யில் முடிவது என்றும், மெய்யில் தொடங்கும் அசை அதற்கு இல்லை என்றும் காவன் பிரீனும் ராப் பென்சல்ஃபினியும் 1999இல் வாதிட்டனர். மெய் முன்னும் உயிர் பின்னுமாக அமையும் அசை எல்லா மொழிக்கும் பொது என்னும் கொள்கையை இவ்வாதம் வினாவுக்கு உட்படுத்தியது. விவாதம் இன்னும் முடியவில்லை. மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்ட தமிழ் எழுத்திலக்கண மரபு இவ்விவாதத்திற்குப் பங்களிக்க வல்லது. இதுவரை அப்பணியில் தமிழாய்வு போதிய கவனம் செலுத்தவில்லை.

இவ்வாய்வில் அம்மொழி பேசுவோரின் இடமும் கருதத்தக்கது. 1994இல் வெளிவந்த கிழக்கு, நடு அரெண்டே–ஆங்கில அகராதியை ஜான் ஹெண்டர்சனோடு இணைந்து தொகுத்த வெரோனிக்கா டாப்சன் அம்மொழியின் மக்களுள் ஒருவர். மொழியும் நிலமும் உறவுமுறையும் முன்னோரால் ஒருங்கே அருளப்பட்டவை என்பது அம்மக்களின் கொள்கை. அவர்களைக் கேளாமலே அவர்தம் மொழிக்கு வேறொரு தாயகத்தைக் கற்பிப்பது அக்கொள்கையைப் புறக்கணிப்பதாகும். அவர்கள் தொகுத்த அகராதியிலிருந்தும் அவர்கள் தரும் விளக்கத்திலிருந்தும் தொடங்கி, பிறப்பியலையும் அரெண்டே ஒலியியலையும் அருகருகே வைத்து ஆராய்வதே தமிழ்த்துறைகள் இனி மேற்கொள்ளத்தக்க பணியாகும்.