"அனுபவம் இல்லை" என்று எழுதாதீர்கள்!



தோட்டத்துத் தங்கை ஒருவர் சென்ற மாதம் தம் வேலை மனுவின் நகலை எனக்கு அனுப்பியிருந்தார். எஸ்.பி.எம். முடித்தவர். பக்கத்துப் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கிராணி வேலைக்கு எழுதிய மனு அது. "இத்தோடு ஒன்பது இடத்துக்கு எழுதிவிட்டேன், அண்ணே. ஒருவரும் பதில் போடவில்லை. தீபாவளி முடிந்ததும் அம்மாவோடு வெளிக்காட்டு வேலைக்குப் போகச் சொல்கிறார் அப்பா" என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

மனுவைப் படித்தேன். குறை தங்கையிடம் இல்லை, மனுவில்தான் இருந்தது. 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று ஒரே சொல்!

உண்மை என்ன? இரண்டு ஆண்டுகளாகச் சனி, ஞாயிறுகளில் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து பணம் வாங்கிப் போட்டவர். தோட்டத்துக் கோயில் திருவிழா வசூல் கணக்கை எழுதியவர். இவற்றை எனக்கு எழுதிய கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்; மனுவில் சொல்லவில்லை. கிராணி வேலைக்கு இதைவிட வேறென்ன அனுபவம் வேண்டும்? சம்பளம் வாங்காமல் செய்த வேலையும் வேலைதான்.

நானும் ஒரு காலத்தில் ஆபீசில் மனுக்களைப் பிரித்து அடுக்கியவன். ஓர் இடத்துக்கு ஒரு கட்டு மனு வரும். ஒவ்வொன்றையும் நிதானமாகப் படிக்க யாருக்கும் நேரமில்லை. எந்த வேலைக்கு எழுதியிருக்கிறார்? அந்த வேலைக்கு வேண்டியது இவரிடம் இருக்கிறதா? இந்த இரண்டும் பார்த்த உடனே கண்ணில் படவேண்டும். படாவிட்டால் மனு கட்டின் அடிக்குப் போய்விடும்.

ஆகவே, இரண்டு தாள்களைச் சரியாகத் தயார் செய்யுங்கள்.

முதலாவது, தன்விவரத் தாள். பெயரை அடையாளக் கார்டில் உள்ளபடியே ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். சான்றிதழில் ஒரு விதம், மனுவில் ஒரு விதம் என்றிருந்தால் பின்னால் தொல்லை. லயத்தில் கைத்தொலைபேசிக்கு அலை சரியாகக் கிடைக்காதென்றால் இன்னோர் எண்ணையும் கொடுங்கள். அடுத்து படிப்பு, பாடங்களின் தேர்ச்சி, செய்த வேலைகள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் எழுதப் படிக்கத் தெரியுமானால் அது பெரிய சொத்து; மறக்காமல் குறிப்பிடுங்கள். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ், தொழில் திறன் சான்றிதழ் இருந்தால் அவற்றையும் சேருங்கள். உங்களை அறிந்த ஆசிரியர் அல்லது தோட்டத்துப் பெரிய கிராணி பெயரைப் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மனுக் கடிதம். ஒரே பக்கம், மூன்று பத்தி போதும். முதல் பத்தியில் எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள் என்பது. இரண்டாவதில் அவர்கள் கேட்பதற்கு உங்களிடம் உள்ள பதில். மூன்றாவதில் எப்போது நேர்முகத்துக்கு வரமுடியும் என்பது. விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே எழுதுங்கள்.

"நான் ஏழைக் குடும்பம், கருணை காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். முதலாளி தேடுவது வேலை தெரிந்தவரை. "கடின உழைப்பாளி" என்று பத்துப் பேர் எழுதுவார்கள். "வாரக் கடைசியில் கடைக் கல்லாவில் இருந்து, மாலையில் கணக்கை முடித்துக் கொடுத்தேன்" என்று எழுதினால் அது உங்கள் ஒருவருடைய மனு. ஆனால் செய்யாததைச் செய்ததாக எழுதவேண்டாம். நேர்முகத்தில் இரண்டு கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

இப்போது அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் மனுச் செய்யவேண்டும். தனியார் வேலைகளுக்குப் பெர்கேசோ நடத்தும் 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' பக்கத்தில் இலவசமாகப் பதியலாம். "வேலை இருக்கிறது, முதலில் பணம் கட்டு" என்பவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அடையாளக் கார்டு நகலை எவரேனும் கேட்டால், படத்தின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'வேலை மனுவுக்கு மட்டும்' என்று மலாயில் எழுதிக் கொடுங்கள்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. வெளிக்காட்டு வேலை இழிவானதல்ல. அந்த வியர்வையில்தான் நாமெல்லாம் படித்தோம். ஆனால் ஒன்பது மனுவுக்குப் பதில் வரவில்லை என்பதற்காகப் பதினொரு வருடப் படிப்பை மூட்டை கட்டச் சொல்லாதீர்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கேட்கத் தெரிந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

தங்கையின் பத்தாவது மனு போன செவ்வாய்க்கிழமை போயிருக்கிறது. 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் இப்போது ஐந்து வரிகள் இருக்கின்றன. எல்லாம் அவர் செய்தவை. நான் ஒன்றும் கூட்டவில்லை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பதில் வந்ததும் உங்களுக்கும் சொல்கிறேன்.