எரிபனி ஆய்வு எந்த மொழியில்?

மீத்தேன் என்னும் சொல்லின் ஈற்றில் தேன் ஒலிக்கின்றது. ஆயினும் காவிரிப் படுகை உழவனுக்கு அச்சொல் நஞ்செனக் கசக்கும். ஏன்?

மன்னார்குடிப் பகுதியின் நிலக்கரிப் படிவங்களிலிருந்து அவ்வெரிவளியை எடுக்க 2010இல் நடுவணரசு ஒரு தனியார் குழுமத்திற்கு இசைவளித்தது. 2011 தொடக்கத்தில் மாநில அரசும் உடன்படிக்கை செய்தது. கரியில் ஒட்டியுள்ள வளியை விடுவிக்க நிலத்தடி நீரை முதற்கண் இறைத்துக் கொட்டவேண்டும் என்பதை உணர்ந்த உழவர் கொதித்தெழுந்தனர். அக்கிளர்ச்சியினூடே, 2013 திசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உயிர்நீத்தார். 2015இல் தமிழக அரசு அத்திட்டத்தை அறவே தடுத்தது.

இன்று அதே எரிவளி வேறொரு வடிவில் பேசப்படுகின்றது. ஆழ்கடற் குளிரிலும் அழுத்தத்திலும் நீரின் மூலக்கூறுகள் கூடுகளாய் உறைந்து, மீத்தேனைத் தம்முள் சிறைப்படுத்தியுள்ளன. தீயிட்டால் எரியும் இக்கட்டியை எரிபனி எனலாம். ஒரு கன மீட்டர் எரிபனியுள் ஏறத்தாழ 164 கன மீட்டர் வளி அடங்கும். 2006இல் கிருட்டிணை, கோதாவரிக் கடற்படுகையில் துளையிட்டு இதனைக் கண்டனர். கரிவளியை உட்செலுத்தி மீத்தேனை வெளிக்கொணரும் வழியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக அறிவியலாளர் ஆராய்ந்துள்ளனர். 2013இல் சப்பான் கடலடியில் அழுத்தத்தைக் குறைத்து வளியை எடுத்தது. ஆறே நாளில் கிணற்றுள் மணல் புகுந்து பணி நின்றது.

அறிவியலைப் பழிப்பது தமிழர் இயல்பன்று. ஆராய்வோர் ஆராய்க! ஆனால் நிலக்கரி வளி வேறு, எரிபனி வேறு. முன்னது காலடியில் உள்ளது. எடுத்தால் நீர்மட்டம் தாழும். பின்னது கடலடியில் உள்ளது. கலைத்தால் கடலடி மண் தளர்ந்து சரியக்கூடும். கசியும் மீத்தேனோ, நூறாண்டுக் கணக்கில் கரிவளியினும் 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கூட்டுவது. இவ்வேறுபாட்டைக் குத்தாலத்து உழவர்க்கும் தரங்கம்பாடி மீனவர்க்கும் எடுத்துரைத்தவர் எவர்? எந்த மொழியில் உரைத்தனர்?

ஆள்வோர் மனநிலையை 2020 காட்டிற்று. எண்ணெய், எரிவளித் தேட்டத்திற்கு மக்கள் கருத்தைக் கேட்கவேண்டா என அவ்வாண்டு சனவரியில் நடுவணரசு விதியை மாற்றியது. பின்னர்ச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. எட்டாம் அட்டவணை மொழிகள் 22இலும் தருக எனச் சூன் 30 அன்று தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட்டது. அதற்குப் பணியாமல் மேல்முறையீட்டுக்கு ஓடியது நடுவணரசு! கருத்துக் கூறு என்பார். படிக்கும் மொழியில் தாரார். இது கேட்பன்று, ஏய்ப்பு.

அவ்வாண்டு பிப்பிரவரியில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உழவர் போராடிப் பெற்ற வேலி. அன்று நாகை மாவட்டத்துள் இருந்த மயிலாடுதுறையும் அவ்வேலிக்குள் வந்தது. ஆயின் அது நிலத்தோடு நிற்கும் வேலி. ஆழ்கடலுக்கு எது வேலி? மக்களின் அறிவே வேலி.

மயிலாடுதுறைக்கு இது புதிய பாடமன்று. மாயூரம் முன்சீபு எனப் பெயர்பெற்ற வேதநாயகம் பிள்ளை, ஆங்கில ஆட்சியின் முறைமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862இலேயே 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். அயலான் ஆண்ட காலத்தில் ஒரு தனிமனிதரால் இயன்றது, இன்று அரசுகளால் இயலாதா? ஊரும் 1982இல் மாயூரம் என்னும் பெயரைக் களைந்து மயிலாடுதுறையாய் நிமிர்ந்தது. பெயரை மீட்டால் போதுமா? உரிமையை மீட்கவேண்டாவா?

ஆதலின், நம் கரையோரம் எரிபனித் தேட்டம் எதுவும் தொடங்குமுன், அதன் முழு அறிக்கை தமிழில் வரவேண்டும், ஊர்மன்றந்தோறும் படிக்கப்பெறவேண்டும், ஆய்வாளர் மக்கள்முன் நின்று தமிழில் விடையிறுக்கவேண்டும். தமிழில் சொல்லப்படாத திட்டத்திற்குத் தமிழ்மண்ணின் இசைவு இல்லை!